மிளகின் முதுகில் வேறொருத்தி

மார்ச் 3

என் அன்பு நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நீ சுகமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. குதிரைகள் சுகமா என்று எழுது. இந்தக் கடிதம் உனக்கு முன்னால் போய், நீ அடுத்துத் தங்கப்போகும் ஊர்த் தபால் ஆபீசில் உட்கார்ந்திருக்கும். காகிதம் பஸ்ஸில் போகிறது, நீ குதிரையில் போகிறாய். வழியில் எந்த ஊருக்கு நீ போனாலும் அங்கே நான் முன்னாலேயே வந்து நிற்பேன். அந்த ஒரு திருப்தியாவது எனக்கு மிஞ்சட்டும்.

போனில் பேசலாமே என்பாய். மணி அடித்தால் பாப்பா விழித்துக்கொள்கிறாள் என்று மாப்பிள்ளை வயரையே பிடுங்கி வைத்துவிட்டார். என் வீட்டு போனை என்னைக் கேட்காமல் பிடுங்குகிறார்! போகட்டும், என் பேத்திக்காகத்தானே.

பாப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். இந்தத் தெருவில் இவ்வளவு அழகான குழந்தை இதுவரை பிறக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, டாக்டரே சொன்னார். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார் என்று உன் அண்ணன் சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும்? நாள் முழுக்கக் கைக்கடிகாரத்துக்குள் கண்ணை விட்டுக்கொண்டிருக்கிற மனுஷன். பாப்பாவுக்குக் கை விரலெல்லாம் நீளம், கால் நீளம், எல்லாம் என்னைக் கொண்டு. குதிரை ஏறப் பிறந்த கால்.

நீங்கள் கிளம்பியதை நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். மாடி ஜன்னலில் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். நர்ஸம்மா மிளகின் மேல் ஏற முக்காலி தேவைப்பட்டது. அதையும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து உன்னிடம் சவாரி கற்றுக்கொண்டவள், குதிரையிலேயே கடல் பார்க்கப் போவது என்று நீயும் நானும் மூணு வருஷமாகப் போட்ட திட்டத்தில் ஒரே நாளில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நல்லது. யாராவது ஒருத்தர் உனக்குத் துணை வேண்டுமே.

மிளகு என்னுடைய குதிரை என்பது அவளுக்குத் தெரியட்டும். தண்ணீர் காட்டிவிட்டுத்தான் கொள்ளு வைக்க வேண்டும். இடது பக்கம் நின்று பேச வேண்டும், வலது பக்கம் நின்றால் முறைக்கும். சேணம் நான் என் கையால் தைத்தது. அதில் எப்படி வேண்டுமானாலும் அவள் உட்காரட்டும், ஆனால் கால் வைக்கிற அங்கவடிப் பட்டையில் புதிதாக ஓர் ஓட்டை விழக்கூடாது. என் உயரத்துக்கு வைத்த ஓட்டைகள் போதும்.

"உனக்குப் பொறாமை" என்கிறார் உன் அண்ணன். பொறாமையா! எனக்கா! பேத்தி பிறந்த வீட்டில் எனக்கு எதற்குப் பொறாமை?

உன் அண்ணி

⁂

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால் ஆபீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குதிரை மேல போற பொம்பளை நீங்கதானா? உங்களுக்கு முன்னாடியே உங்க அண்ணி வந்துட்டாங்க" என்றார். வெளியே கவரில் 'குதிரையில் வரும் என் நாத்தனார் கையில் மட்டும் கொடுக்கவும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரே படித்திருக்கும்.

நாங்கள் நலம். குதிரைகளும் நலம். விடியற்காலையில் கிளம்பி வெயில் ஏறும்வரை சவாரி. பிறகு நிழல் பார்த்து நிற்போம். சாயங்காலம் இறங்கி, குதிரையைப் பிடித்துக்கொண்டு நடப்போம். நாம் உங்கள் சேணத் தையல் அறையில் சுவரில் வரைபடத்தை ஒட்டி நூல் கட்டிப் பார்த்தபோது இந்தச் சாலை ஒரு விரல் நீளம்தான் இருந்தது. இப்போது அந்த விரல் முடியவே மாட்டேன் என்கிறது.

நான் ஏறி வரும் தூங்குமூஞ்சி பெயருக்கு ஏற்ற மாதிரி நடந்துகொண்டே தூங்குகிறான். நேற்று ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தார். இவன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். லாரிக்காரர்தான் வெட்கப்பட்டுப் போனார்.

நேற்று ராத்திரி தங்கியது ஒரு தீவனக் கடைக்குப் பின்னால் இருந்த அறை. மூட்டை மேல் மூட்டை, நடுவில் ஒரு கட்டில். நர்ஸம்மா எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தவிட்டு மூட்டை மேல் படுத்துக்கொண்டார். காலையில் எழுந்தபோது தலையெல்லாம் தவிடு. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

சவாரி செய்யும்போது பாடுகிறார் அண்ணி. குரல் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் மிளகு இரண்டு காதையும் பின்னால் திருப்பிக் கேட்டுக்கொண்டே நடக்கிறது.

ஒரு விஷயம். நர்ஸம்மா குட்டை என்பது உங்களுக்குத் தெரியும். பட்டையை இருக்கிற கடைசி ஓட்டை வரைக்கும் ஏற்றிவிட்டோம். அப்போதும் கால் அங்கவடிக்கு எட்டாமல் தொங்குகிறது. இரண்டு விரற்கடை மேலே ஓர் ஓட்டை போட்டுக்கொள்ளட்டுமா? குத்தூசி என் பையில் இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

அண்ணனிடம் சொல்லுங்கள், என் கடிகாரம் நின்றுவிட்டது என்று.

உங்கள் நாத்தனார்

⁂

மார்ச் 13

என் அன்பு நாத்தனாருக்கு,

மிளகு காதைப் பின்னால் திருப்பினால் பாட்டுக் கேட்கிறது என்று யார் உனக்குச் சொன்னது? குதிரை பழக்குவதே தொழிலாக இருக்கிற நீயா இதை எழுதுகிறாய்? எரிச்சல் வந்தாலும் குதிரை காதைப் பின்னால்தான் திருப்பும். பாவம், வாயில்லா ஜீவன், வேறு எப்படிச் சொல்லும்?

ஓட்டை போடக்கூடாது. முன்பே எழுதினேன், திரும்பவும் எழுதுகிறேன். கம்பியை வளைத்து வளைத்து மிளகின் முதுகை அளந்து, மூணு தடவை பிரித்துப் பஞ்சை மாற்றி அடைத்துத் தைத்த சேணம் அது. உனக்கே தெரியும், நீதானே கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பட்டையில் தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். ஓட்டையைப் பிரிக்க முடியாது. போட்டால் போட்டதுதான். நாளைக்கு நான் அதில் ஏறும்போது, இது அவள் கால் இருந்த இடம் என்று அந்த ஓட்டை என்னைப் பார்த்துச் சிரிக்கும். வேண்டவே வேண்டாம்.

கால் எட்டவில்லை என்றால் தொங்கட்டும். இல்லை, குட்டைக் கால் உள்ளவர்கள் நடந்து வரட்டும். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று ஆஸ்பத்திரியில் அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்!

பாப்பா நன்றாக இருக்கிறாள். தொப்புள் காய்ந்து விழுந்தாச்சு. என் சுண்டுவிரலைப் பிடித்தால் விடுவதே இல்லை, கடிவாளம் பிடிக்கிற பிடி. உன் அண்ணன் விரலைக் கொடுத்தால் விட்டுவிடுகிறாள். இதை நான் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ராத்திரி அவள் அழுதால் என் மகளுக்கு முன்னால் நான் எழுந்துவிடுகிறேன். தூக்கிக்கொண்டு தையல் அறைக்குப் போய்விடுவேன். தோல் வாசனை பட்டால் உடனே தூங்கிவிடுகிறாள். அங்கே சுவரில் வரைபடம் இருக்கிறது. நீ இப்போது எங்கே இருப்பாய் என்று பார்த்துக்கொண்டே தட்டிக்கொடுப்பேன்.

தவிட்டு மூட்டை மேல் படுத்தாளாமே. நான் வந்திருந்தால் உனக்குக் கட்டிலைக் கொடுத்திருக்க மாட்டேன். இரண்டு பேரும் அடித்துப்பிடித்துக்கொண்டு அதிலேயே படுத்திருப்போம்.

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாயா என்று உன் அண்ணன் கேட்கச் சொன்னார்.

உன் அண்ணி

⁂

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

ஓட்டை போடவில்லை. போதுமா? உங்கள் கடிதத்தை நர்ஸம்மாவிடம் படித்துக் காட்டவில்லை, 'அண்ணிக்கு இஷ்டமில்லை' என்று மட்டும் சொன்னேன். "அவங்க சேணம், அவங்க சொல்றதுதான் சட்டம்" என்று சொல்லிவிட்டார். பட்டையை இரண்டாக மடித்து முடிச்சுப் போட்டு, முடிச்சைச் சேணத்தின் பக்கத்தோலுக்கு அடியில் செருகிவிட்டோம். இப்போது கால் எட்டுகிறது. உங்கள் பட்டையும் பத்திரமாக இருக்கிறது.

ஆற்றைத் தாண்டிவிட்டோம். வரைபடத்தில் நீங்கள் நீல நூல் வைத்துக் காட்டிய அதே ஆறு. பாலம் பழைய பாலம், பலகைக்குப் பலகை இடைவெளி, கீழே தண்ணீர் தெரிகிறது. தூங்குமூஞ்சி தன்பாட்டுக்குப் போய்விட்டான். மிளகு முதல் பலகையிலேயே நின்றுவிட்டது. நான் அந்தக் கரையில் இருந்து கூப்பிடுகிறேன், அசையவில்லை. பின்னால் ஒரு டிராக்டர், அதற்குப் பின்னால் ஒரு பஸ், எல்லாரும் கத்துகிறார்கள். நர்ஸம்மா அவசரப்படவே இல்லை. இறங்கினார். பஸ்காரரைப் பார்த்து, "ஊசி போடறதுக்கு முன்னாடி இப்படித்தான் எல்லாரும் நிப்பாங்க, நீங்களும் நின்னிருப்பீங்க, பொறுங்க" என்றார். மிளகின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு என்னவோ பேசினார். பிறகு திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். மிளகு அவர் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டது.

அந்தக் கரைக்கு வந்ததும் குதிரைகளை மரத்தில் கட்டினோம். ஓரமாக உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்தோம். பஸ்ஸில் இருந்தவர்கள் கை காட்டிக்கொண்டு போனார்கள்.

என் முழங்கால் வலி உங்களுக்குத் தெரியுமே. தினமும் ராத்திரி எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. இப்போது கொஞ்சம் தேவலை.

சாவி கொடுத்தேன். ஓடவில்லை.

உங்கள் நாத்தனார்

⁂

மார்ச் 24

நாத்தனாருக்கு,

கடிதம் வந்தது. ஆற்றைத் தாண்டினீர்களாம், டீ குடித்தீர்களாம், பஸ்ஸில் போனவர்கள் கை காட்டினார்களாம். என் குதிரை அவள் தோளில் மூக்கை வைத்ததாம். நீ எழுதிய கடிதத்தை உன் அண்ணன் ஒரு தடவை படித்துவிட்டு, 'நல்லா எழுதறா' என்றார். நான் நாலு தடவை படித்தேன். அதில் 'நர்ஸம்மா' எத்தனை இடத்தில் வருகிறது என்று உனக்குத் தெரியுமா? நான் எண்ணவில்லை. எண்ணினால் எனக்குத்தான் கேவலம்.

அந்த ஆற்றுக்கு நீல நூலைத் தேர்ந்தெடுத்தது யார்? பாலம் பழசு, மிளகு பயப்படும், அதனால் நான் இறங்கி முன்னால் நடப்பேன் என்று அன்றைக்கே சொன்னது யார்? நான் நடக்க வேண்டிய பாலத்தில் அவள் நடந்திருக்கிறாள். என் வேலையை எல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துச் செய்கிறாள். முழங்காலுக்கு எண்ணெய் வேறு. இருபத்தெட்டு வருஷமாக உன் முழங்கால் இந்த வீட்டில்தான் இருந்தது. ஒரு நாளாவது 'அண்ணி, கொஞ்சம் நீவிவிடுங்க' என்று வாய் திறந்திருப்பாயா? கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்?

இன்னொன்று. இதுவரை நீ இரண்டு கடிதம் எழுதிவிட்டாய். அதில் பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? 'குழந்தை எப்படி இருக்கிறாள்' என்று ஒரு வரி? தீவனக் கடைத் தவிட்டுக்கு இடம் இருக்கிறது, என் பேத்திக்கு இடம் இல்லை. நான் இங்கே வாரி வாரி எழுதுகிறேன். நீ அந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறாய். உனக்கும் அவள் பேத்திதானே? அண்ணன் மகளின் மகள் அந்நியமா?

நர்ஸம்மாவோடு கடலுக்குப் போய்வா. நன்றாகப் பாடச் சொல். கடல் கேட்கட்டும்.

அண்ணி

⁂

மார்ச் 30

அண்ணிக்கு,

மிளகுக்குப் புண். இடது விலாவில், சேணத்தின் பக்கத்தோலுக்கு அடியில், என் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிகிறது. அந்த முடிச்சு இருந்த இடம். வியர்வையில் பட்டை இறுகி, முடிச்சு கல் மாதிரி ஆகியிருக்கிறது. சேணத்தைக் கழற்றியதும் முதலில் பார்த்தது நர்ஸம்மாதான். "என் கால் வசதிக்காக இதுக்கு இந்தக் கதியா" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டார். கழுவி மருந்து போட்டுக் கட்டியதும் அவர்தான். நான் மிளகின் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

உங்கள் பட்டையில் ஓட்டை விழக்கூடாது என்று மிளகு மேல் ஓட்டை விழுந்துவிட்டது.

தப்பு என்னுடையது. குதிரை என் பொறுப்பு. தினமும் கையை விட்டுத் தடவிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. ஆனால் அண்ணி, முடிச்சு போட்டுப் பக்கத்தோலுக்கு அடியில் செருகினேன் என்று நான் உங்களுக்கு எழுதினேன். அதை நாலு தடவை படித்தேன் என்கிறீர்கள். சேணத்துக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு முடி இருந்தாலே எங்களைப் பிடித்துத் திட்டுகிறவர் நீங்கள். வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து கன்னத்தில் அறைந்திருப்பீர்கள். நாலு தடவை படித்தும் அந்த முடிச்சு உங்கள் கண்ணில் படவில்லை. நர்ஸம்மா மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறார்.

பாப்பாவைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்கிறீர்கள். சொல்கிறேன். இதை எழுதாமலே இருந்திருப்பேன்.

அவள் பிறந்த அன்று நான் லாயத்தில் இருந்தேன். தூங்குமூஞ்சிக்குப் புது லாடம் அடித்துக்கொண்டிருந்தார்கள், குளம்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். நம் பயணத்துக்காகத்தான் அந்த லாடம். நீங்கள் ஓடி வந்தீர்கள். "பேத்தி! பேத்தி!" என்று கத்தினீர்கள். லாடக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டீர்கள், தூங்குமூஞ்சிக்கு முத்தம் கொடுத்தீர்கள். எனக்கும் சந்தோஷம்தான். நிமிர்ந்து, "அப்போ கடல், அண்ணி?" என்று கேட்டேன்.

"எந்தக் கடல்?" என்றீர்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே உங்களுக்கு ஞாபகம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தீர்கள், புரியவில்லை, திரும்பி ஓடிவிட்டீர்கள். மூணு வருஷம் அந்தச் சுவரில் நூல் கட்டியது யாரோடு என்று அப்போது யோசித்தேன்.

"ஒரு வருஷம் பொறுடி" என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். இரண்டு வருஷம் என்றாலும் சரி. நீங்கள் சொல்லவே இல்லை. நான் நர்ஸம்மாவைக் கேட்டேன், அவர் வருகிறேன் என்றார். அவ்வளவுதான். உங்கள் இடத்தில் நான் யாரை உட்கார வைத்தேன் என்று நீங்கள் கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறீர்கள். என் இடத்தில் நீங்கள் யாரை உட்கார வைத்தீர்கள் என்று நான் கேட்க முடியுமா? பச்சைக் குழந்தையோடு சண்டைக்குப் போகிற அத்தைப்பாட்டி என்று ஊர் சிரிக்கும். அதனால் அந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்தேன். சரியாகத்தான் சொன்னீர்கள்.

இங்கிருந்து நகர முடியாது. முகவரி கவரில் இருக்கிறது.

நாத்தனார்

⁂

ஏப்ரல் 3

என் அன்பு நாத்தனாருக்கு,

முதலில் மிளகு. உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் காலையும் மாலையும் கழுவு. ஈ உட்கார விடாதே. காற்றுப் படட்டும், பகலில் மூடிக் கட்ட வேண்டாம். சீழ் வாடை வந்தால் அந்த நிமிஷமே மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிடு. புதுத் தோல் கெட்டிப்படும்வரை சேணம் பக்கத்திலேயே போகக்கூடாது. பட்டையில் ஓட்டை போடு. ஒன்று எதற்கு, எத்தனை வேண்டுமோ போடு. பட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டாலும் சரி.

முடிச்சு என்று நீ எழுதிய வரியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. உன் கையெழுத்தில், தெளிவாக. என்னோடு தையல் அறையில் வேலை செய்கிற பிள்ளைகள் யாராவது இந்தக் காரியம் செய்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அத்தனையும் எனக்கு நானே பேசிக்கொண்டாகிவிட்டது. நீ தனியாகப் பேச வேண்டாம்.

அடுத்தது. 'எந்தக் கடல்' என்று நான் சொல்லவே இல்லை.

இந்த வரியை எழுதிவிட்டு, கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள் உன் அண்ணனிடம் கேட்டேன். "நான் அப்படிச் சொல்லியிருப்பேனா?" என்றேன். அவர் கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றாமலே, "அன்னைக்கு என்னைப் பார்த்து 'நீங்க யாரு'ன்னு கேக்காம விட்டியே, அதுவே பெரிசு" என்றார். லாடக்காரர் வழியில் வந்தார், அவரையும் கேட்டேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியானால் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு எனக்குக் கண்ணும் தெரியவில்லை, காதும் கேட்கவில்லை. என் மகள் பிழைத்தாளே, குழந்தை அழுததே என்பது தவிர உலகத்தில் வேறு எதுவும் இருக்கவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது அப்படி.

ஆனால் நீயும் ஒன்று செய்திருக்கலாம். குளம்பைக் கீழே போட்டுவிட்டு, பின்னாலேயே வந்து, "நம்ம கடல், மறந்துட்டீங்களா?" என்று என் கையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். நீ எப்போதுமே உள்ளே வைத்துப் பூட்டுகிற ஆள். நானோ வெளியே கொட்டுகிற ஆள். முழங்கால் வலியும் அப்படித்தான், இதுவும் அப்படித்தான்.

பொறாமை எனக்கு இல்லை என்று எழுதினேன் அல்லவா, முதல் கடிதத்தில். அதை அடித்துவிட்டுப் படி. சாலை மேல் பொறாமை, அந்தப் பாலத்தின் மேல் பொறாமை, தவிட்டு மூட்டை மேல்கூடப் பொறாமை. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டுதான் இத்தனையும். மடி நிறைந்திருந்தால் மனசும் நிறைந்துவிடும் என்று நினைத்தேன். மனசுக்கு மடி போதவில்லை.

நர்ஸம்மாவிடம் சொல். மருந்து கட்டியதற்கு. என்ன சொல்வது என்று நீயே பார்த்துச் சொல்.

உன் அண்ணி

⁂

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணிக்கு,

மிளகு தேறிக்கொண்டிருக்கிறது. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகத் தோல் கூடி வருகிறது. சீழ் இல்லை. நேற்று தூங்குமூஞ்சியைக் கடித்தது, அதனால் உடம்பு சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

நர்ஸம்மா போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தை இந்தத் தடவை முழுசாகப் படித்துக் காட்டினேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற லாடக்காரர் வந்த இடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் பையைக் கட்ட ஆரம்பித்தார். தடுத்தேன். "ரெண்டு பேருக்கு நடுவுல இவ்வளவு நாள் உக்காந்து எனக்கு இடுப்பு போச்சும்மா. குதிரையாவது பரவால்ல" என்றார். பஸ் ஏறும்போது மிளகின் இடது பக்கம் நின்று சொல்லிக்கொண்டு போனார். வலது பக்கம் போகவே இல்லை.

நான் தங்கியிருப்பது ஒரு மரக் கடைக்காரரின் பின்கட்டு அறை. ஜன்னலுக்கு வெளியே குதிரைகள் நிற்கின்றன. ரம்பம் நின்றால் அவை மெல்லுகிற சத்தம் கேட்கிறது. சாயங்காலக் காற்றில் உப்பு இருக்கிறது, நாக்கில் தெரியும் என்கிறார் கடைக்காரர். எனக்கு மரத்தூள்தான் தெரிகிறது.

இங்கிருந்து மெதுவாகப் போனாலும் இரண்டு நாளில் கடலுக்குப் போய்விடலாம். நான் தூங்குமூஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இல்லை, மிளகுக்குச் சரியாகும்வரை இங்கேயே இருக்கலாம். கடைக்காரர் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கச் சொல்கிறார். எது என்று நானாக முடிவு செய்ய மாட்டேன். போன தடவை முடிவு செய்து பார்த்தாகிவிட்டது.

பாப்பா எப்படி இருக்கிறாள்? கால் நிஜமாகவே நீளமா?

உங்கள் நாத்தனார்

⁂

ஏப்ரல் 12

என் அன்பு நாத்தனாருக்கு,

காத்திரு. வருகிறேன்.

இதை எழுதிவிட்டால் மாற்ற முடியாது என்பதால்தான் முதல் வரியிலேயே எழுதினேன். வெள்ளிக்கிழமை காலை பஸ். நீ நிறுத்தத்துக்கு வராதே, குதிரைகளைத் தனியாக விடாதே. மரக் கடை எங்கே என்று கேட்டால் சொல்லமாட்டார்களா? எனக்கு வாய் இருக்கிறது.

என் மகளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். துணி மடித்தேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். கடைசியில் அவளே, "அம்மா, போயிட்டு வாயேன். நீ வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடறதுல பாப்பாவே எழுந்துக்கறா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "நான் இல்லாம எப்படிச் சமாளிப்பே?" என்றேன். "என் மாமியார் வர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். கேட்டாயா? நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே சம்பந்தியம்மாவுக்குச் சொல்லியனுப்பி, அவர்களும் சரி என்று சொல்லியாகிவிட்டது. என் இடத்துக்கு ஆள் தயாராக நிற்கிறது.

சம்பந்தியம்மா நேற்றே வந்துவிட்டார்கள். இரண்டு பெட்டி. மூணு மாசம் தங்குகிறவர்கள் மாதிரி. வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு பாப்பாவை வாங்கினார்கள். தூக்குகிற விதம் சரியில்லை, தலைக்குக் கை போதவில்லை. சொன்னேன். "நானும் மூணு பெத்தவதான் சம்பந்தி" என்றார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது? தையல் அறையில் தூங்கவைக்க வேண்டும், சுண்டுவிரலைத்தான் கொடுக்க வேண்டும், கட்டைவிரலைக் கொடுத்தால் பிடிக்காது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர்கள் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். ஒன்றையும் செய்யப்போவதில்லை என்று தெரிந்தது. நான் மிளகைப் பற்றி எழுதியனுப்பியதை எல்லாம் நர்ஸம்மா எப்படிக் கேட்டிருப்பாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பாவம் அந்த மனுஷி. ஊருக்குப் போகிற வழியில் அவள் வீட்டில் இறங்கி ஒரு வாய் டீ குடித்துவிட்டு வருகிறேன். பாடச் சொல்ல மாட்டேன்.

இன்று காலையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்கு வெடித்துவிடும். பாப்பா சிரித்தாள். தூக்கத்தில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. கண்ணை நேராகப் பார்த்து, வாயைத் திறந்து, முதல் சிரிப்பு. இத்தனை வாரம் ராத்திரி பகல் பாராமல் தூக்கிச் சுமந்தவள் பக்கத்தில்தான் நிற்கிறேன். அவள் சிரித்தது நேற்று வந்த சம்பந்தியம்மாவைப் பார்த்து. "பாருங்க சம்பந்தி, பாருங்க!" என்று அந்த அம்மா துள்ளுகிறார்கள். உன் அண்ணன் என்னைத்தான் பார்க்கிறார். நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் எதையும் எடுத்து வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். போகாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. நான் இருந்துவிட்டால் இரண்டாவது சிரிப்பாவது எனக்குக் கிடைக்கும் அல்லவா?

பிறகு எடுத்து வைத்தேன். இரண்டு புடவை, சவாரிக்கு உன் அண்ணனின் பழைய கால்சட்டை, மிளகின் முதுகை அளக்கக் கம்பி, பஞ்சு ஒரு மூட்டை, தைக்கிற நூல். சேணத்தை அங்கேயே பிரித்து, புண் படாத மாதிரி பள்ளம் விட்டு அடைத்துத் தருகிறேன். அதற்கும் மிளகு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏற வேண்டாம். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் நடந்து போவோம். முழங்காலுக்கு எண்ணெய் நான் கொண்டுவருகிறேன். நீவுவேன், 'வேண்டாம்' என்று சொல்லிப் பார்.

கால் நிஜமாகவே நீளம். நீயே வந்து பார். சிரிப்பு யாரிடம் போனது என்று மட்டும் வழியில் என்னைக் கேட்காதே.

இன்னும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கடைக்காரர் கூப்பிட்டார், லாரி போகிறது, சும்மா ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று எவர் சொன்னாலும் சரி, நான் வந்து இறங்கும்வரை நீ கடல் இருக்கிற பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கக்கூடாது.

உன் அண்ணி